ஏப்ரல்ல தோத்தா என்ன பாஸ்?

ஐ.பி.எல். ஆரம்பிச்சு முதல் ரெண்டு வாரம் இருக்கே... அது ஒரு தனி ஜுரம் பாஸ்! முதல் மேட்ச் ஜெயிச்சா 'கப்பு நமக்குத்தான்'னு ஸ்டேட்டஸ். ரெண்டாவது மேட்ச் தோத்தா 'இனிமே கிரிக்கெட்டே பாக்கறதில்லை'ன்னு சபதம். மூணாவது மேட்ச் அன்னிக்கு சாயங்காலம் ஏழரைக்கு அதே ஆளு மெஸ்ல அரைகுறையா சாப்பிட்டுட்டு ஓடி வந்து டி.வி. முன்னாடி முதல் வரிசையில சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பான். சபதமாவது, புடலங்காயாவது!

இதுல சி.எஸ்.கே. ரசிகர் பாடுதான் ரொம்பப் பாவம். மத்த டீம் ரசிகர்களுக்கு ஜெயிச்சா சந்தோஷம், தோத்தா துக்கம். கணக்கு நேரா முடிஞ்சிடும். நமக்கு? தோத்த மேட்ச்ல தோனி ரெண்டு சிக்ஸ் அடிச்சா அழறதா சிரிக்கறதான்னே தெரியாது. ஜெயிச்ச மேட்ச்ல தோனி பேட்டிங்குக்கே வரலைன்னா ஏதோ கல்யாண வீட்ல பாயசம் போடாத மாதிரி ஒரு குறை.

பிரம்மதேசம் வந்து பாருங்க. திண்டிவனம் - மரக்காணம் ரோட்டுல எங்க ஊரு. இங்கேருந்து மரக்காணம் உப்பளத்துக்கு வேலைக்குப் போற வீடுகள்ல, ஐ.பி.எல். சீசனும் உப்பு சீசனும் ஒண்ணாத்தான் சூடு பிடிக்கும். வெயில் ஏற ஏறத்தான் உப்பு விளையும். மார்ச் கடைசி, ஏப்ரல், மே... அங்கே சேப்பாக்கத்துல விசில், இங்கே உப்பளத்துல வியர்வை. ரெண்டு சீசனோட ஆரம்பத்தையும் ஒரே நேரத்துல பார்த்து வளர்ந்தவன்கிற தகுதியில சில விஷயம் சொல்றேன், கேளுங்க.

முதல் மேட்ச் ஜோசியம்

ஹாஸ்டல்ல ஒரு சீனியர் இருந்தாரு. முதல் மேட்ச் முடிஞ்ச உடனே சீசனோட ரிசல்ட்டையே சொல்லிடுவாரு. "முதல் மேட்ச் தோத்துட்டாங்கடா... ராசி! கப்பு உறுதி." அடுத்த வருஷம், "முதல் மேட்ச் ஜெயிச்சுட்டாங்கடா... சுழி நல்லா இருக்கு. கப்பு உறுதி." எப்படிப் போனாலும் கப்பு உறுதிதான்!

சரி, நம்ம இன்ஜினியரிங் மூளைக்கும் ஏதாவது வேலை வேணுமே? கணக்கைப் போட்டுப் பார்த்துடலாம். 2008-லேர்ந்து 2025 வரைக்கும், தடையில உட்கார்ந்திருந்த 2016, 2017 ரெண்டையும் கழிச்சா, சி.எஸ்.கே. ஆடுனது 16 சீசன். முதல் மேட்ச் ஜெயிச்ச வருஷங்கள்: 2008, 2011, 2015, 2018, 2019, 2020, 2024, 2025. மொத்தம் 8. முதல் மேட்ச் தோத்த வருஷங்கள்: 2009, 2010, 2012, 2013, 2014, 2021, 2022, 2023. அதுவும் 8!

இன்னும் இருக்கு. இந்த 16-ல சி.எஸ்.கே. ஃபைனல் போனது 10 தடவை. முதல் மேட்ச் ஜெயிச்சுட்டு ஃபைனல் போனது 5. தோத்துட்டுப் போனது 5. கப்பு வாங்கினது 2010, 2011, 2018, 2021, 2023-ல. அதுல மூணு வருஷம் முதல் மேட்ச்ல தோல்வி. ரெண்டு வருஷம் வெற்றி. காசைச் சுண்டிப் போட்டா கூட இவ்வளவு கச்சிதமா பாதிப்பாதி விழாது மக்களே! ஆக, முதல் மேட்ச் ஜோசியம் க்ளோஸ். சீனியர் மன்னிக்கணும்.

"அப்போ ஆரம்பத்துல தோத்தா கவலையே படக்கூடாதா?"ன்னு கேக்கறீங்களா? அங்கேதான் ட்விஸ்ட்.

162-ம் 14-ம்

அமெரிக்காவுல பேஸ்பால்னு ஒரு ஆட்டம். அங்கே ஒரு டீம் லீக்ல மட்டும் ஆடுறது 162 மேட்ச்! கிட்டத்தட்ட அரை வருஷம் தினம் ஒரு மேட்ச். 2019-ல வாஷிங்டன் நேஷனல்ஸ்னு ஒரு டீம் முதல் 50 மேட்ச்ல 19 தான் ஜெயிச்சது. 31 தோல்வி. ரசிகர்கள் எல்லாம் தலையில துண்டைப் போட்டுக்கிட்டாங்க. அந்த வருஷம் கடைசியில வேர்ல்டு சீரிஸ் கப்பைத் தூக்கினது அதே டீம். அங்கே 'பொறுமையா இரு, இன்னும் ஆரம்பம்தான்'னு சொன்னா அதுக்கு அர்த்தம் இருக்கு. மீதி 112 மேட்ச் இருக்கே!

நமக்கு லீக்ல இருக்கிறதே 14. அஞ்சு மேட்ச் வரிசையா தோத்தா சீசன்ல மூணுல ஒரு பங்குக்கும் மேல காலி. பேஸ்பால் கணக்குல சொன்னா 58 மேட்ச் தொடர்ந்து தோத்த மாதிரி. இப்போ சொல்லுங்க, 'இன்னும் ஆரம்பம்தான் மச்சி' டயலாக் செல்லுமா?

செல்லும்னு காட்டுன வருஷம் 2010. முதல் 7 மேட்ச்ல வெற்றி ரெண்டே ரெண்டு. பாதி சீசன் ஓவர், கையில 4 பாயின்ட். அதுக்கப்புறம் முரளி விஜய் ராஜஸ்தானை 127 அடிச்சுத் துவைச்சாரு. தர்மசாலாவுல பஞ்சாப்போட கடைசி ஓவர்ல 16 வேணும்கிறப்போ தோனி ரெண்டு சிக்ஸ் வச்சு முடிச்சுட்டு, தன்னோட ஹெல்மெட்டையே குத்திக்கிட்டாரே... அந்த வருஷம்தான்! மீதி 7-ல 5 ஜெயிச்சு, 14 பாயின்ட்ல நாலு டீம் கூட்டமா நிக்க, ரன் ரேட்ல மூணாவது இடம் பிடிச்சு, செமி ஜெயிச்சு, ஏப்ரல் 25-ம் தேதி மும்பையைத் தோற்கடிச்சு முதல் கப்பு.

இந்த ஒரு வருஷத்தை வச்சுக்கிட்டுத்தான் ஒவ்வொரு தோல்விக்கும் '2010 ஞாபகம் இருக்குல்ல?'ன்னு ஓட்டிக்கிட்டு இருக்கோம். ஆனா 2022-ல முதல் நாலு மேட்ச் வரிசையா தோத்தாங்க. முடிச்சது 9-வது இடம். அதை மட்டும் யாரும் ஞாபகப்படுத்த மாட்டேங்கறாங்க. அரியர் வச்சவன் கிளியர் பண்ண ஒரு பேப்பரை மட்டும் சொல்லிக்கிட்டுத் திரியற மாதிரி!

முதல் இன்னிங்ஸ் ரசிகர்கள்

உப்பள வேலைக்குப் போறவங்க வெயில் ஏறுறதுக்குள்ள வேலையில பாதியை முடிச்சாகணும். வெள்ளை வெளேர்னு பாத்தி, மேல சூரியன்... பத்து மணிக்கு மேல அங்கே கண்ணைத் திறந்து வச்சுக்கறதே கஷ்டம். அதனால விடியறதுக்கு முன்னாடியே டி.வி.எஸ். 50-ஐ உதைச்சு ஸ்டார்ட் பண்ணி, பின்னாடி தூக்குச் சட்டியோட கிளம்பிடுவாங்க. அப்படிக் கிளம்பணும்னா ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்தாகணும். அதாவது முதல் இன்னிங்ஸ் முடியற நேரம்.

அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு மாமா... எல்லாரும் முதல் இன்னிங்ஸ் ரசிகர்கள். ரெண்டாவது இன்னிங்ஸை வாழ்க்கையில பாதி நாள் பார்த்ததே இல்லை. "டேய் இன்ஜினியரு, சத்தத்தைக் கொற. காலையில சொல்லு"ன்னு சொல்லிட்டுப் போய்ப் படுத்துடுவாங்க.

2025 சீசனை இவங்க கண்ணால பார்த்தா ஒரு வினோதம் தெரியும். மார்ச் 23, முதல் மேட்ச். சேப்பாக்கத்துல மும்பை. நூர் அகமது 18 ரன் கொடுத்து 4 விக்கெட். ரச்சின் ரவீந்திரா கடைசி வரைக்கும் நின்னு 65. நாலு விக்கெட்ல ஜெயம். ஊரே மஞ்சள்! அதுக்கப்புறம் நாலு மேட்ச்... 28-ம் தேதி பெங்களூரு 196. 30-ம் தேதி கவுகாத்தியில ராஜஸ்தான் 182. ஏப்ரல் 5 டெல்லி 183. ஏப்ரல் 8 பஞ்சாப் 219. நாலுமே எதிராளி முதல்ல பேட்டிங். நாலுமே நம்ம ஆளுங்க சேஸிங்ல தோத்தது. 50 ரன், 6 ரன், 25 ரன், 18 ரன். இதுல டெல்லி மேட்ச் மட்டும் சனிக்கிழமை மத்தியானம் ஆரம்பிச்சது. மீதி மூணு நாளும் 'அடிச்சிடலாம்டா'ன்னு நம்பிக்கையோட படுத்தவங்க, விடியறதுக்கு முன்னாடி எழுந்து "என்னாச்சு?"ன்னு கேட்டிருக்காங்க. அந்த மூணு நாளும் பதில் சொல்ற வேலை வீட்டுல இருந்த மாணவமணிகளுக்கு. சாவு சேதி சொல்றது கூட ஈஸி பாஸ்.

சேப்பாக்கத்துல பெங்களூரு ஜெயிச்சது 2008-க்கு அப்புறம் அதுதான் முதல் தடவை. டெல்லி ஜெயிச்சது 2010-க்கு அப்புறம். 'கோட்டை, கோட்டை'ன்னு மார் தட்டுனோம், எட்டு நாள்ல ரெண்டு பேரு உள்ளே வந்து டீ குடிச்சுட்டுப் போயிட்டாங்க. அப்புறம் ஏப்ரல் 11. கொல்கத்தா. இந்தத் தடவை நம்மதான் முதல்ல பேட்டிங். 20 ஓவர்ல 103. சேப்பாக்கத்துல சி.எஸ்.கே. எடுத்ததுலேயே குறைஞ்ச ஸ்கோர். கொல்கத்தா 10.1 ஓவர்ல முடிச்சுட்டாங்க. அன்னிக்கு மட்டும் முதல் இன்னிங்ஸ் ரசிகர்களுக்குக் காலையில சேதி சொல்ல வேண்டிய அவசியமே வரலை. ராத்திரியே தெரிஞ்சு போச்சு.

அஞ்சு தொடர் தோல்வி. சி.எஸ்.கே. சரித்திரத்துல ஒரே சீசன்ல அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

விக்கெட் விழுந்தா கைதட்டல்!

இப்போ மேட்டருக்கு வருவோம். சொல்லக் கொஞ்சம் தயக்கமாத்தான் இருக்கு. சொன்னா பல பேரு அடிக்க வருவீங்க.

பெங்களூரு மேட்ச்ல தோனி இறங்கினது எத்தனாவது ஆளா தெரியுமா? 9-வது. அவருக்கு முன்னாடி அஸ்வின் இறங்கினாரு. மேட்ச் கையை விட்டுப் போன பிறகு வந்து 16 பந்துல 30 அடிச்சாரு. அரங்கமே ஆடிச்சு. 50 ரன்ல தோத்த மேட்ச் அது! முழங்கால் பிரச்னை, பத்து ஓவர் நின்னு ஆட முடியாதுங்கற மாதிரி கோச் ஃப்ளெமிங்கே விளக்கம் சொன்னாரு. 43 வயசுல அதுவே பெரிய விஷயம்தான், ஒத்துக்கறேன். ஆனா நம்ம பக்கம் என்ன நடக்குது? 2025 வரைக்கும் ஜடேஜா அவுட்டானா கைதட்டல். ஏன்? அடுத்து 'தல' வருவாரே! உலகத்துல எந்த டீமோட ரசிகர்கள் சொந்த டீம் விக்கெட் விழுந்ததுக்கு விசில் அடிக்கறாங்க?

இதோட விலை என்னன்னு 2024 சொல்லிக் கொடுத்துச்சு. அந்த வருஷம் மார்ச் 31, விசாகப்பட்டினம், டெல்லியோட மேட்ச். தோனி 16 பந்துல 37. கடைசி ஓவர்ல மட்டும் 20 ரன். ஹாஸ்டல் ஹாஸ்டலா டான்ஸ். தோத்தது 20 ரன்ல! 'தோத்தா என்ன, தலைவரு அடிச்சாருல்ல'ன்னு அன்னிக்கு ராத்திரி எல்லாரும் நிம்மதியாத் தூங்கினாங்க.

ஏழு வாரம் கழிச்சு மே 18. பெங்களூரு கூட கடைசி லீக் மேட்ச். பிளே ஆஃப் போக ஜெயிக்கக்கூட வேணாம், 201 எடுத்தா போதும். எடுத்தது 191. ரெண்டு டீமுக்கும் 14 பாயின்ட். ரன் ரேட் பெங்களூருக்கு 0.459, நமக்கு 0.392. வெளியே! அன்னிக்கு எல்லாரும் கடைசி ஓவரைத்தான் திட்டினாங்க. விசாகப்பட்டினத்துல விட்ட ரெண்டு பாயின்ட்டை யாரும் நினைச்சே பார்க்கலை. அந்த ரெண்டு மட்டும் கையில இருந்திருந்தா கடைசி நாள்ல ரன் ரேட் பேச்சே வந்திருக்காது. ஏப்ரல் பாயின்ட்டுக்கும் மே பாயின்ட்டுக்கும் எடை ஒண்ணுதான் பாஸ். இன்டர்னல் மார்க் மாதிரி. 'அது சும்மா இன்டர்னல்தானே'ன்னு விட்டவன் செமஸ்டர் ரிசல்ட் அன்னிக்கு ரெண்டு மார்க்குக்கு அலைவான். கேம்பஸ்ல இதை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை!

நம்மூரு பசங்க எங்கேப்பா?

இன்னொரு உறுத்தல். 2025-ல ஐ.பி.எல். ஆரஞ்சுத் தொப்பி வாங்கினது யாரு? சாய் சுதர்சன். 759 ரன். சென்னைப் பையன். ஆடினது குஜராத்துக்கு. வாஷிங்டன் சுந்தர், சாய் கிஷோர், ஷாருக் கான் மூணு பேரும் அந்த வருஷம் அதே குஜராத். வருண் சக்கரவர்த்தி கொல்கத்தா. நம்ம சேலத்து நடராஜன் டெல்லி. சாய் கிஷோர் சில வருஷம் சி.எஸ்.கே. கேம்ப்லேயே இருந்தாரு. ஒரு மேட்ச் கூட ஆட வைக்கலை. குஜராத் போன பிறகுதான் ஐ.பி.எல்-லயே முதல் பந்து போட்டாரு.

நியாயமா சொல்லணும்னா, அஸ்வினை 2024 நவம்பர் ஏலத்துல 9.75 கோடிக்குத் திரும்பக் கூட்டிட்டு வந்தாங்க. விஜய் சங்கரும் இருந்தாரு. டெல்லி மேட்ச்ல அவரு 54 பந்துல 69 எடுத்து அவுட்டாகாம நின்னதுக்கு 'மெதுவா ஆடினான்'னு நாம வாங்கின வாங்கு இருக்கே! வெளியூர் ஆளு மெதுவா ஆடினா 'ஆங்கர் ரோல்'. உள்ளூர் ஆளு ஆடினா 'கட்டை'. டீம்ல தமிழ்நாட்டுப் பசங்க வேணும்னு கத்தறதும் நாம. வந்தா கழுவி ஊத்தறதும் நாம.

பாத்தி மிதிக்கிற வேலை

இவ்வளவு புலம்பலுக்கு அப்புறமும் ஏன் பார்க்கறோம்? இதுக்கு எனக்கு பதில் கிடைச்சது உப்பளத்துல.

வடகிழக்கு மழை முடிஞ்சா உப்பளம் மொத்தமும் சேறும் சகதியும்தான். 2024 நவம்பர் கடைசியில ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கத்துல கரையைக் கடந்தப்போ எங்க விழுப்புரம் மாவட்டம் பட்ட பாடு எல்லாருக்கும் தெரியும். தண்ணி வடிஞ்ச பிறகு வரப்பு கட்டி, சேறு தள்ளி, பாத்தியைக் காலால மிதிமிதின்னு மிதிச்சுத் தரையை இறுக்கணும். இந்த வேலை நடக்கறப்போ ஒரு கல் உப்பு கூட கண்ணுல தெரியாது. அப்புறம் தண்ணி பாய்ச்சி, வெயில்ல வத்த வச்சு, கடல் தண்ணி 3 டிகிரி சொச்சத்துலேர்ந்து ஏறி 25 டிகிரி பக்கம் வந்தாத்தான் உப்பு பூக்க ஆரம்பிக்கும். நடுவுல ஒரு கோடை மழை அடிச்சா போச்சு, கரைஞ்சது கரைஞ்சதுதான். மறுபடி தண்ணி கட்டணும்.

ஒருநாள் சித்தப்பா கிட்ட கேட்டேன். "முதல்ல வார்ற உப்பைப் பார்த்து இந்த வருஷம் எப்படின்னு சொல்லிடுவீங்களா சித்தப்பா?" சிரிச்சாரு. "உப்பைப் பார்த்து சொல்ல முடியாதுப்பா. தரையைப் பார்த்து சொல்லலாம். தரை சரியா இறுகலைன்னா வெயில் எவ்ளோ அடிச்சாலும் உப்பு சேறாத்தான் வரும்."

அவரு கிரிக்கெட்டைச் சொல்லலை. ஆனா எனக்கு 2025 புரிஞ்சுது. அந்த அஞ்சு தோல்வியில பிரச்னை ஸ்கோர்போர்டு இல்லை, தரை! ருதுராஜ் முழங்கை எலும்பு முறிஞ்சு வெளியே போனது மழை. அதுக்கு யாரும் பொறுப்பில்லை. ஆனா பழைய பேரை நம்பி, வயசானவங்களை நம்பி டீம் கட்டினது தரை சரியா மிதிக்காதது. சித்திரை 1 அன்னிக்கு லக்னோவுல தோனி 11 பந்துல 26 அடிச்சு ஜெயிக்க வச்சப்போ 'ஆரம்பிச்சுட்டாருடா'ன்னு குதிச்சோமே, அது ஒரு நாள் வெயில். கடைசியில 14-ல 4 ஜெயிச்சு முதல் தடவையா கடைசி இடம், 10-வது.

ஆனா அதே சீசன்ல இன்னொண்ணு நடந்துச்சு. ஆயுஷ் மாத்ரேன்னு ஒரு பையன். வயசு 17. நம்ம ஃபர்ஸ்ட் இயர் பசங்களை விடச் சின்னவன்! ஏப்ரல் 20-ல முதல் மேட்ச், 15 பந்துல 32. மே 3-ல பெங்களூருக்கு எதிரா 94. ரெண்டு ரன்ல தோத்த மேட்ச் அது. ஆனா அந்தத் தோல்வியில தரை இறுகற சத்தம் கேட்டுச்சு. 2025 டிசம்பர் ஏலத்துல பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மான்னு இந்தியாவுக்கு ஆடாத ரெண்டு சின்னப் பசங்களுக்குத் தலா 14.20 கோடி கொடுத்தது அதே கதையோட தொடர்ச்சிதான். பணம் ஓவர்னு திட்டலாம். ஆனா ஏதோ மிதிக்க ஆரம்பிச்சுட்டாங்கன்னு தெரியுது.

அதனால மக்களே, சீசன் தொடக்கத்துல பாக்க வேண்டியது பாயின்ட் டேபிள் மட்டும் இல்லை. சேஸிங்ல பவர்பிளே எப்படி ஆடுறாங்க? புதுப் பையனுக்கு ரெண்டு மேட்ச் சொதப்பினாலும் மூணாவது மேட்ச் குடுக்கறாங்களா? தோக்கறப்போ அதே தப்புல தோக்கறாங்களா, புதுத் தப்புல தோக்கறாங்களா? முதலாவதுன்னா கவலைப்படுங்க. ரெண்டாவதுன்னா கொஞ்சம் பொறுங்க. அப்புறம் ஒரே ஒரு வேண்டுகோள்... நம்ம டீம் விக்கெட் விழுந்தா கைதட்டாதீங்க ப்ளீஸ். யார் வந்தாலும் சரி.

எங்க ஊர்ல முதல் இன்னிங்ஸ் பார்த்துட்டுப் படுக்கறவங்க, தோத்த மறுநாளும் அதே நேரத்துக்கு எழுந்து உப்பளத்துக்குத்தான் போறாங்க. அடுத்த மேட்ச் அன்னிக்கு ஏழரைக்கு மறுபடி டி.வி. முன்னாடி ஆஜர். 'இனிமே பாக்க மாட்டேன்' சபதமெல்லாம் நம்மள மாதிரி ஹாஸ்டல் பார்ட்டிங்களுக்குத்தான்.

அதுசரி, உங்க ஹாஸ்டல்ல முதல் மேட்ச் ஜோசியர் யாரு? அவரு கிட்ட அந்த எட்டுக்கு எட்டு கணக்கைக் கொஞ்சம் காட்டுங்களேன்!